கம்பி கட்டிய பதினான்கு போத்தல்கள்

பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இப்போது நாலு சின்னக் கிளாஸ்களைப் பலகையில் வரிசையாக வைத்து, நாலு விதமான பியர் தருகிறார்கள். பெரிய கம்பனிச் சாமான் இல்லையாம். சின்ன இடங்களில், கொஞ்சம் கொஞ்சமாக, பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துச் செய்கிற பியராம். கனடாவிலிருந்து வந்த என் சகலன் போன மாதம் என்னை அங்கே கூட்டிப் போனார். ஒவ்வொரு கிளாஸுக்கு முன்னாலும் ஓர் அட்டை. 'தோடம்பழத் தோல், வறுத்த தானியம், இலேசான புகை' என்று ஒன்றில் எழுதியிருந்தது. ஆரஞ்சைத்தான் நாங்கள் தோடம்பழம் என்போம்.

"எப்பிடி அண்ணன்?" என்றார் சகலன்.

நான் ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடி, தலையை ஆட்டி, "அருமை" என்றேன்.

இந்த முகத்துக்கு எனக்கு முன்பயிற்சி உண்டு. என் முகம் நம்பத்தகுந்த முகமல்ல. கலியாணப் படத்திலேயே பல்லுக் கழற்ற வந்தவன் மாதிரித்தான் நிற்கிறேன். ஆனால் சண்டைக் காலத்தில் ஒரு காலை நேரம், ஒரு மிடறு பியரை விழுங்கிவிட்டு நான் காட்டிய முகத்தில்தான் என் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் ஒரு தகரப் பெட்டியோடும், விஞ்ஞான வாத்தியார் என்ற பட்டத்தோடும், வாவிக்கரையிலிருந்த மனைவியின் வீட்டுக்குப் போனவன். வீடு அவளுடையது, வேலி அவளுடையது, வேலிக்குள் நின்ற பதினொரு தென்னையும் அவளுடையது. நாய்கூட என்னை விருந்தாளியாக நினைத்து ஒரு வருடம் மரியாதையாகக் குரைத்தது. அந்த வீட்டில் எனக்கென்று கிடைத்த ஒரே சொத்து மச்சான், என் மனைவியின் அண்ணன். கலியாணம் முடிக்காதவர்.

மச்சான் பாசிக்குடாவில், சண்டையில் இடிந்துபோன ஒரு ஹோட்டலில், குடிவகை பரிமாறியவர். ஹோட்டல் போனபிறகு தங்கச்சி வீட்டுக்கு வந்து வாவியில் வலை போட்டார். தோணியில் நின்றாலும் ஹோட்டல்காரர்தான். பிடித்த மீனைக்கூட ஒரு துணியைக் கையில் போட்டுக்கொண்டுதான் தூக்கி வருவார். எனக்குச் சம்பளம் வருகிற நாளில் டவுனிலிருந்து இரண்டு பியர் வாங்கி வருவேன். மாமரத்தடியில் இருந்து குடிப்போம். அவர் எனக்கு மச்சான், நானும் அவருக்கு மச்சான்.

"மச்சான், மாடு தண்ணி குடிக்கிற மாதிரிக் குடிக்காதீங்க. முதல்ல கண். மறுகா மூக்கு. கடைசியாத்தான் நாக்கு."

"வயித்துக்கு ஒண்டும் இல்லையா?"

"வயித்துக்குச் சோறு இரிக்கி."

ஹோட்டலுக்கு வருடா வருடம் ஒரு வயதான வெள்ளைக்காரர் வருவாராம். அவருடைய நாட்டில் ஊருக்கு ஒரு விதமாகப் பியர் காய்ச்சுவார்களாம். சட்டைகளுக்கு நடுவில் சுற்றிப் பெட்டியில் கொண்டுவந்து, மச்சானைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்வாராம். ஒன்றில் புகை மணக்குமாம். ஒன்றில் தோடம்பழத் தோல். ஒன்றில், அப்போதுதான் பேக்கரிப் போறணையிலிருந்து எடுத்த பாண் ரொட்டி. அவர்கள் போத்தல்களை நிலத்துக்குக் கீழே குளிரில் வைத்திருப்பார்களாம்.

"பியருக்குள்ள பாண் மணக்குமெண்டா, பாணுக்குள்ள பியர் மணக்குமா?"

"உங்களுக்கு விளங்காது. நீங்க வாத்தியார்."

ஒருநாள் சுற்றிவளைப்பில் மச்சானை ஆமி பிடித்துக்கொண்டு போனது. தோணியைக் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தவரை அப்படியே கூட்டிப் போனார்கள். வலையில் கிடந்த மீனை நான்தான் எடுத்தேன். நாலு மாதம் என் மனைவி முகாம் வாசலில் போய் நின்றாள். நாலு மாதம் கழித்து, தன்னுடையதல்லாத ஒரு சாரத்தைக் கட்டிக்கொண்டு மச்சான் தானாக நடந்து வந்தார்.

வந்தவர் பேசவில்லை. தங்கச்சி அழுதாள், பேசவில்லை. நான் பகிடி விட்டேன், பேசவில்லை. சாப்பிட்டீங்களா என்று கேட்டால் ஓம், இல்லை என்று தலையைக்கூட ஆட்டமாட்டார். கழுத்தில்தான் அடித்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, ஒரு கிழமை, ஏழு நாளும், நல்லெண்ணெய் சூடாக்கி அவர் கழுத்தில் தேய்த்துவிட்டேன். அவரும் பேசாமல் காட்டிக்கொண்டிருந்தார். என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

நாக்கும் போய்விட்டது என்பது ஒரு மீன்குழம்பால் தெரியவந்தது. மனைவி மறதியில் இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டாள். நான் முதல் வாயிலேயே எழும்பி முற்றத்துக்கு ஓடினேன். திரும்பி வந்து பார்த்தால் மச்சான் சோற்றுக் கோப்பையை வழித்துக்கொண்டிருந்தார். ஒரு கிளாஸ் பியருக்கு அரை மணித்தியாலம் விளக்கம் சொன்ன மனிதர். என் மனைவி அடுப்படிக்குள் போய்ச் சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள்.

"அண்ணன் ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லுப் பறைஞ்சாக் காணும்" என்றாள்.

அந்த ஒரு சொல்லை எடுப்பதுதான் என் வேலை என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். எப்படி என்று யோசித்தேன். இந்த மாதிரி நேரத்தில் மற்றவர்கள் கோயிலுக்கு நேர்த்தி வைப்பார்கள். எனக்கு வந்தது பியர் யோசனை. டவுன் பியரை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். தண்ணீர் மாதிரிக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தார். அப்படியென்றால் அந்த வெள்ளைக்காரரின் பியர்தான் வேண்டும். புகை, தோல், பாண். அதைக் குடித்தால் மனிதர் வாயைத் திறக்காமல் இருக்கமாட்டார் என்று நம்பினேன். நொதித்தல் பாடத்தைக் கரும்பலகையில் ஏழு வருடம் படிப்பித்திருக்கிறேன். பலகையில் ஒருநாளும் பிழைத்ததில்லை.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வயல்வட்டையில் விளைந்த சிவப்பு நெல் வீட்டில் அரை மூட்டை இருந்தது. அதில் ஒரு பங்கை ஊறவைத்து, சாக்கில் கட்டி, விதைநெல்லுக்குச் செய்வதுபோல முளைக்க விட்டேன்.

"எந்த வயலுக்கு விதைக்கப் போறீங்க?" என்றாள் மனைவி.

"உன்ட அண்ணன்ட வாய்க்குள்ள."

முளைத்ததைக் காயவைத்து, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகை பிடிக்கவிட்டு, வறுத்து, இடித்தேன். நெல் அவிக்கிற கிடாரத்தில் போட்டுக் காய்ச்சினேன். கசப்புக்கு வேப்பம்பூ. தோடம்பழம் கிடைக்காததால் ஜம்போலா என்கிற பம்பளிமாசின் தோல். அதை வெள்ளைச் சதை போக உரித்தெடுக்க ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. மச்சான் அடுப்படி வாசலில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நொதிக்க வைக்கத் தென்னங்கள்ளின் அடிமண்டி.

முதல் தரம் சாடி பொங்கி வழிந்து எறும்பு வந்தது. இரண்டாவது தரம் மழையில் நனைந்த நாயின் மணம். இரண்டையும் மச்சானுக்குக் கொடுத்து, பரீட்சை முடிவு பார்க்கிற பிள்ளை மாதிரி முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குடித்தார். கிளாஸை வைத்தார். அவ்வளவுதான்.

மூன்றாவது தரம் சாடியின் மூடியைத் திறந்து குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். முதலில் ஜம்போலாத் தோல் வந்தது. கொஞ்சம் பொறுத்தால் புகை. அதற்கும் அடியில், சத்தியமாக, பாண். என் மூக்குக்கு இப்படியெல்லாம் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. ஒரு கரண்டி நாக்கில் விட்டேன். இனிப்பு இன்னும் மாறவில்லை, வேப்பம்பூ தொண்டையில் நின்றது. மூன்று கிழமை குளிரில் கிடந்தால் சரியாகிவிடும் என்று பட்டது.

குளிருக்கு எங்கே போவது? கரண்ட் இல்லை. ஷெல்லுக்கு ஒளிக்க வெட்டிய பங்கருக்குள் எங்களுக்கே இடம் போதாது. நிலத்துக்குக் கீழே வைப்பார்கள் என்று மச்சான் சொன்னது நினைவு வந்தது. வளவின் பின்பக்கம் வாவியைத் தொடுகிற இடத்தில் மணல் எப்போதும் ஈரமாக இருக்கும். பியரைப் பதினான்கு போத்தல்களில் அடைத்து, தக்கை இறுக்கி, தக்கை பறந்துவிடாமல் கழுத்தில் கட்டுக்கம்பி சுற்றி, அங்கே மணலுக்குள் தாட்டேன். பிறகு எடுக்கச் சுகமாக இருக்கட்டும் என்று நூல் பிடித்து, ஓர் அடிக்கு ஒன்றாக, நேர்வரிசையில். கரும்பலகையில் கோடு கீறிப் பழகிய கை. மேலே தென்னோலையைப் பரப்பிவிட்டு, என் வேலையின் அழகை நானே தள்ளி நின்று பார்த்தேன்.

இதை இப்போது எழுதும்போதே வியர்க்கிறது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் மரவள்ளிக் கிழங்கு கிண்டுகிறவன்கூட, கிழங்கைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் மண்ணை மூடுவான். ஊருக்கே தெரிந்த அந்த ஒழுங்கு வாத்தியாருக்கு மட்டும் தெரியாமல் போனது. கம்பி கட்டிய பதினான்கு போத்தல்களை, அளந்து, வரிசையாக, ஓலையால் மறைத்துப் புதைத்தவன் அந்த முழு வாவிக்கரையிலும் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

பத்தொன்பதாம் நாள் காலை எட்டு மணிக்குச் சுற்றிவளைப்பு. பள்ளிக்குப் போகச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். ஆமிக்காரர் வளவுக்குள் வந்து எங்களை முற்றத்தில் வரிசையாக இருத்தினார்கள். ஒருத்தன் நீளக் கம்பியால் மண்ணைக் குத்திக் குத்திக்கொண்டு பின்பக்கம் போனான். குத்துகிற சத்தம் 'சதக், சதக்' என்று கேட்டது. பிறகு 'டொக்'. இன்னொரு அடி தள்ளி 'டொக்'. மூன்றாவது 'டொக்'குக்கு அவன் கத்திக்கொண்டு திரும்பி ஓடிவந்தான்.

அவர்களுக்கு மேலதிகாரியான பெரியவன் வந்தான். என்னைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் ஓலையைக் காட்டினான். அவனுக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"என்ன இது?"

"பியர், சேர்."

"பியர் கடையில. மண்ணுக்குள்ள குண்டு."

அவன் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. வெறுங்கையால் கிண்டி எடுக்கச் சொல்லிவிட்டு, எல்லாரும் தென்னைகளுக்குப் பின்னால் போய் நின்றார்கள். எத்தனையோ பரிசோதனைகளை வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். ஒருநாளும் இவ்வளவு கவனமாக யாரும் பார்த்ததில்லை. முழங்காலில் நின்று மண்ணைத் தள்ளினேன். போத்தலின் கழுத்து வந்தது, கம்பி வந்தது. கம்பியைக் கண்டதும் தென்னைகளுக்குப் பின்னால் துவக்குகள் அசைகிற சத்தம்.

"திற!"

கம்பியை அவிழ்த்தேன். தக்கை தானே பறந்தது. 'டப்!'

வளவு முழுக்க எல்லாரும் நிலத்தில் விழுந்தார்கள். நானும் விழுந்தேன். நுரை பொங்கி என் தலையில் வழிந்துகொண்டிருந்தது. அடுத்த கணம் முதுகில் ஒரு சப்பாத்து, கழுத்தில் ஒரு துவக்குமுனை. வாய் நிறைய மணல். சுடப்போகிறான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. பியர் காய்ச்சிச் செத்தான் என்று ஊரில் சொல்வார்களே, மனைவி எப்படி வெளியில் தலைகாட்டுவாள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது முற்றத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. சிங்களத்தில். மெதுவாக, பணிவாக, அவசரமே இல்லாமல். ஆறு மாதமாக நாங்கள் கேட்காத குரல்.

மச்சான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியபடி நடந்து வந்துகொண்டிருந்தார். தான் ஹோட்டலில் வேலை செய்தவன், அது பியர்தான், அனுமதி தந்தால் குடித்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பிறகுதான் எனக்கு விளங்கியது. பெரியவன் சரி என்றான். மச்சான் திரும்பி என் மனைவியைப் பார்த்துத் தமிழில், "புள்ள, கிளாஸ் ஒண்டு கொண்டு வா. கழுவிக் கொண்டு வா" என்றார்.

என் கழுத்தில் துவக்கு. அவர் கழுவிய கிளாஸ் கேட்கிறார்.

அவள் அழுதுகொண்டே கொண்டுவந்தாள். மச்சான் கிளாஸைச் சரித்துப் பிடித்து ஊற்றினார். வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய்க் கண்ணை மூடினார். ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் உருட்டினார். பிறகு, வெள்ளைக்காரருக்குச் சொல்வதுபோலப் பெரியவனுக்குச் சிங்களத்தில் விளக்கம் சொன்னார். 'தொடம்' என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. தோடம்பழம். சொல்லி முடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்பதற்கு மெல்லத் தலையை ஆட்டினார்.

எனக்கு மண்ணில் கிடந்தபடியே சிரிப்பு வந்தது. மச்சானுக்கு ருசி தெரிகிறது! சுட்டாலும் பரவாயில்லை என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். ஒரு கணம்தான்.

பெரியவன் என்னை எழுப்பினான். "நீ செய்தது. நீ குடி."

குடித்தேன். மணலைத் தாண்டி நாக்கில் பட்டது வினாகிரி. சுத்தமான வினாகிரி. மீன் ஊறவைக்கலாம், பித்தளை மினுக்கலாம். மேல்மணலின் சூடு இறங்கி எல்லாம் கெட்டிருந்தது. தோடம்பழமும் இல்லை, புகையும் இல்லை. ஆனால் மச்சான் சொல்லிவிட்டார். என் முகம் வேறு ஏதாவது சொன்னால் இரண்டு பேரும் பொய்க்காரர். பெரியவன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் மச்சானும் பார்த்துக்கொண்டு நின்றார். நான் விழுங்கி, தலையை ஆட்டி, தெரிந்த ஒரே சிங்களத்தில் "ஹொந்தய், சேர்" என்றேன். நல்லது என்று அர்த்தம். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"ஏன் அழுறது?"

மச்சான் சிங்களத்தில் ஏதோ சொன்னார். ஆமிக்காரர் சிரித்தார்கள். பெரியவன் கிளாஸை வாங்கி மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்து, மிச்சத்தை மண்ணில் ஊற்றினான். மற்றப் பதின்மூன்று போத்தல்களையும் கிண்டச் சொல்லித் துவக்குப்பிடியால் உடைத்தார்கள். போகும்போது என் பிடரியில் ஓர் அடி. அதை நான் அடியாகவே எடுக்கவில்லை.

அவர்கள் போனதும் என் மனைவி அண்ணனைக் கட்டிப்பிடித்துக் குழறினாள். "பறைஞ்சிற்றார்! எங்கட அண்ணன் பறைஞ்சிற்றார்!" நான் மணல் தலையோடு முற்றத்தில் ஆடாத குறை. மச்சான் மெல்ல அவள் கையை விலக்கி, கிணற்றடிக்குப் போய், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். பிறகு அன்று முழுக்க ஒரு சொல்லும் இல்லை.

என்னை அரித்தது அந்த வினாகிரி. நாக்குத் தெரிந்த ஒருத்தர் அதை எப்படித் தோடம்பழம் என்று சொன்னார்? மூன்றாம் நாள் பின்னேரம், பின்பக்கம் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தவருக்குப் பக்கத்தில் குந்தினேன்.

"மச்சான், அது புளிச்சுப்போன சாமான். உங்களுக்கு என்னெண்டு தோடம்பழம் மணந்தது?"

கையிலிருந்த துண்டை மணல் போகத் துடைத்தார். பிறகு, "எனக்கு ஒண்டும் மணக்கல்ல. தண்ணியும் அதுவும் ஒண்டுதான்" என்றார்.

"அப்ப சொன்னதெல்லாம்?"

"நீங்க தோல் உரிச்சதக் கண்டன்தானே. புகை போட்டதையும் கண்டன். அதத்தான் சொன்னன். அவன்ட மூஞ்சியப் பாத்தன். எதச் சொன்னா உங்கள விடுவான் எண்டு தெரிஞ்சிது."

"அப்பாடி, நல்ல வாய் மச்சான் உங்களுக்கு" என்று சிரித்தேன்.

"அங்கயும் அப்பிடித்தான் மச்சான்."

அவர் ஒரு துண்டை எடுத்துச் சிரட்டைக்குள் போட்டார்.

"ஆக்களக் கொண்டுவந்து எனக்கு முன்னுக்கு நிப்பாட்டுவானுகள். இவனும் இயக்கமா எண்டு கேப்பானுகள். எனக்குத் தெரியாது. ஆனா கேக்கிறவன்ட மூஞ்சியில எழுதியிரிக்கும், என்ன வேணுமெண்டு. ஹோட்டல்ல பழகினதுதானே. தலைய ஆட்டுவன்."

"எத்தின பேர்?"

"மூண்டு." இன்னொரு துண்டு சிரட்டைக்குள் விழுந்தது. "மறுகாதான் வாய் இப்பிடிப் போனது."

ஆடாத அந்தத் தலைக்கு, அந்தக் கழுத்துக்கு, நான் ஒரு கிழமை எண்ணெய் தேய்த்திருக்கிறேன். மூன்று பேரைக் கொண்டுபோன அதே தலையாட்டல்தான் என்னைத் திருப்பித் தந்திருந்தது. நன்றி சொல்வதா, எழும்பிப் போவதா என்று தெரியாமல், நானும் அவரோடு கண்ணாடி பொறுக்கினேன்.

கடைசியில் அவர்தான் சொன்னார். "மச்சான், எனக்கு ஒண்டு செய்யுங்க. இனி எனக்கு முன்னால, உள்ளத உள்ளபடி சொல்லுங்க. புளிச்சாப் புளிக்குது எண்டு. நானும் அப்பிடியே சொல்றன்."

ஓம் என்றேன்.

என் மனைவிக்கு நான் இதைச் சொல்லவில்லை. 'இவர்ட பியர்தான் அண்ணனப் பறைய வச்சது' என்று அவள் இன்றும் வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். நான் முகத்தைச் சரியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறேன். அதற்குப் பிறகு மச்சான் நாளுக்கு நாலு சொல், பத்துச் சொல் என்று பேசத் தொடங்கினார். நாக்கு மட்டும் திரும்பவேயில்லை.

போன மாதம் பாசிக்குடாவிலிருந்து வீட்டுக்கு வந்தபோது மச்சான் மாமரத்தடியில் இருந்தார்.

"எப்பிடி?"

"முதல் கிளாஸ் நல்லம். பாண் மணம் மெய்யாவே இரிந்தது. ரெண்டாவது சவர்க்காரத் தண்ணி. நாலாவது கசப்புக் கூட."

"மூண்டாவது?"

"அட்டையில புகை எண்டு இரிந்தது. வாய்க்கு வரல்ல."

"சகலனுக்கு என்ன சொன்னீங்க?"

"அருமை எண்டன்."

மச்சான் சிரிக்கவில்லை. கண்ணை மூடி, நான் சொன்னதை வாய்க்குள் உருட்டிப் பார்ப்பவர் போல இருந்தார்.

எங்கள் ஒழுங்கையில், அந்த வருடத்தில் போன மகன் திரும்பி வராத வீடுகள் உண்டு. ஒரு வீட்டுத் தாய் இன்றும் வாசலில் நின்று, நான் போகும்போது சுகமா சேர் என்று கேட்பாள். நான் தலையை ஆட்டிவிட்டுச் சைக்கிளை வேகமாக மிதிப்பேன். அந்த மூன்று பேர் யார் என்று நான் மச்சானிடம் இவ்வளவு காலமும் கேட்கவில்லை. கேட்டால் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவார். ஓம் என்று சொன்னது நான் மட்டுமல்ல, அவரும்தான்.